ஈசானி மூலைத் தொட்டி

எங்கள் கம்பெனிக்கு இன்று பழனியில் ஓர் ஆபீஸ், கொடைக்கானலில் ஓர் ஆபீஸ். கன்னிவாடிப் பக்கம் வேலை நடக்கிற இடத்தில் தகரக் கொட்டகைக்குள் மூன்றாவது ஒன்று. மூன்றின் வாசலிலும் ஒரே மாதிரி போர்டு. அதில் அண்ணன் படம் பெரிதாக இருக்கும். என் படம் இருக்காது. நான் வேண்டாம் என்று சொன்னேன் என்று நினைக்காதீர்கள், யாரும் கேட்கவே இல்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை என்றால் அது பொய். ஆனால் இந்தக் கம்பெனி எப்படி வளர்ந்தது என்று யாராவது கேட்டால், அண்ணன் சொல்வதைவிட நான் சொல்வது கொஞ்சம் நம்பும்படியாக இருக்கும். அவர் கட்டியதை மட்டும் சொல்வார். நான் இடிந்ததையும் சேர்த்துச் சொல்வேன்.

பழனி அடிவாரத்தில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு லாட்ஜ் இருந்தது. தைப்பூசம், பங்குனி உத்திரம் வந்துவிட்டால் அறைகள் போதாமல் மாடிப்படியிலும் ஆட்கள் துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள். வருஷம் தவறாமல் வருகிறவர்கள் சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: "இங்கன ஒரு சின்ன எடம் கெடைக்குமாங்க? காலையில எந்திரிச்சா மலை தெரியணும்." அப்பா, "முருகன் குடுப்பான்" என்று சொல்லி அனுப்பிவிடுவார். அண்ணன் அதை முருகன் பொறுப்பில் விடுகிற ஆள் இல்லை. ஊருக்கு வெளியே சோளம் விளைந்து கொண்டிருந்த ஒரு வானம் பார்த்த பூமியைப் பேசி முடித்து, மனை பிரித்து, வெள்ளைக் கல் நட்டு, கலர் கொடி கட்டினார். சாமி கும்பிட வந்தவர்களை வேனில் ஏற்றிப்போய் மோர் கொடுத்து இடம் காட்டினார். பந்தலை மட்டும் கோயில் மலை நன்றாகத் தெரிகிற மூலையில் போட்டார். சில மனைகளில் நின்றால் மலைக்குப் பதில் புளியமரம்தான் தெரியும். அதைக் கேட்டவர்களுக்கு, "மொட்டை மாடியில ஏறிப் பாருங்க, ஜம்முனு தெரியும்" என்று பதில் சொன்னார். வீடே இல்லாத இடத்தில் மொட்டை மாடி எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. மனைகள் போய்விட்டன.

மனை வாங்கியவர்களுக்கு வீடு வேண்டியிருந்தது. வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். வெளியூரில் இருந்துகொண்டு பழனியில் வீடு கட்டுவது அந்த இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வது மாதிரி. "நீங்களே கட்டிக் குடுத்துருங்க" என்றார்கள். நான் திண்டுக்கல்லில் சிவில் டிப்ளமா முடித்துவிட்டு, கல்யாணமாகி, லாட்ஜ் கல்லாவில் உட்கார்ந்து அறை எண் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மத்தியானம் அண்ணன் என் முன்னால் ஒரு சார்ட் பேப்பரை விரித்தார். "படிச்சது மறக்கலைன்னா ஒரு வீடு வரை" என்றார். எங்கள் கம்பெனியின் தொடக்க விழா அவ்வளவுதான்.

வரைந்தேன். அங்கே வாஸ்து பார்க்காமல் ஒரு செங்கல் விற்காது. தண்ணீர்த் தொட்டி ஈசானி மூலையில், அதாவது வடகிழக்கில், தரைக்கு அடியில். அடுப்பு தென்கிழக்கில். வீட்டுக்காரர் படுக்கிற அறை கன்னி மூலையான தென்மேற்கில். பழனியில் தரை சப்பாத்திக் கல் மாதிரி சமமாகக் கிடக்கிறது. எந்த மூலையில் எதை வைத்தாலும் வீடு நிற்கும். வாங்க வருகிறவர்களுக்கும் நிம்மதி, எனக்கும் வேலை சுலபம். நாலைந்து வருஷத்தில் கண்ணை மூடிக்கொண்டு வரைகிற அளவுக்குக் கை பழகிவிட்டது. அப்படிப் பழகிய கையோடுதான் மலைக்குப் போனேன்.

மலை ஏறும் ஆசையும் வந்தவர்கள் கிளப்பியதுதான். மதுரை, கோயம்புத்தூர் ஆட்கள், "கீழ வெயில் தாங்கல. கொடைக்கானல்ல ஒண்ணு கட்டுங்களேன்" என்றார்கள். பள்ளங்கிப் பக்கம் ஒரு சரிவில் பூண்டும் பீன்ஸும் போட்டுக்கொண்டிருந்த ஒரு அக்கா, தன் காட்டில் மேல்பாதியை விற்கத் தயாராக இருந்தார். அவருக்கு அப்போது என் வயதுதான் இருக்கும். புருஷன் இல்லை. காட்டு வேலை, வீட்டு வேலை எல்லாம் ஒரே ஆள். நான் அளவு எடுக்கப் போன முதல் நாளே எனக்கு 'எஞ்சினியரம்மா' என்று பெயர் வைத்துவிட்டார். டிப்ளமாதான் என்று சொல்லிப் பார்த்தேன். "அதெல்லாம் எனக்கென்ன தெரியும், பேனா வச்சிருந்தா எஞ்சினியருதான்" என்றார்.

மலைப்பகுதியில் கட்ட அனுமதி வாங்குவதற்குள் அண்ணனுக்கு இரண்டு ஜோடி செருப்பு தேய்ந்தது. கடைசியில் கிடைத்தது. சாலை மேட்டில், காடு பள்ளத்தில். சரிவு தென்மேற்கே இறங்குகிறது. வரிசையாக ஆறு வீடு. மேல்பாதியை வெட்டி, வெட்டிய மண்ணைக் கீழ்ப்பாதியில் கொட்டி, கருங்கல் சுவர் எழுப்பி அதைத் தாங்கிப் பிடித்தோம். தரை சமமானது. சமமான தரையைப் பார்த்ததும் எனக்குப் பழனி ஞாபகம் வந்துவிட்டது. தண்ணீர்த் தொட்டி ஈசானி மூலையில், படுக்கை அறை கன்னி மூலையில் என்று வரைந்து கொடுத்தேன். அந்தச் சரிவில் ஈசானி மூலை என்பது வீட்டின் உச்சி மேடு. கன்னி மூலை என்பது நாங்கள் கொட்டிய புது மண். இது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தது, உறுத்தவில்லை.

உறுத்தியது அந்த அக்காவுக்கு. பள்ளம் தோண்டுகிற அன்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று பார்த்தார்.

"ஏன் எஞ்சினியரம்மா, மேட்டுல தண்ணிய வச்சுட்டுப் பள்ளத்துலயா படுக்கப் போறாக?"

"சிமெண்டுத் தொட்டிக்கா. ஒழுகாது."

"தண்ணிக்கு சிமெண்டாவது ஒண்ணாவது. அதுக்கு எறங்குறதுதான சோலி" என்றார்.

நான் சிரித்தேன். கொத்தனாரும் சிரித்தார். பூண்டு போடுகிறவருக்குக் கட்டடம் பற்றி என்ன தெரியும் என்று நினைத்த அந்தச் சிரிப்பை இன்று நினைத்தாலும் எனக்குக் காது சூடாகிறது. இன்னொன்றும் செய்தோம். கருங்கல் சுவரில் தண்ணீர் வடிவதற்கு ஓட்டைகள் விட்டிருந்தோம். பார்க்கப் பொத்தல் பொத்தலாக நன்றாக இல்லை என்று அண்ணன் அதைப் பூசச் சொன்னார். நான் வேண்டாம் என்று ஒரு முறை சொன்னேன். இரண்டாம் முறை சொல்லவில்லை. அண்ணனிடம் இரண்டாம் முறை சொல்லும் பழக்கம் எனக்கு அப்போது இல்லை.

ஆறும் விற்றன. ஐந்து வீட்டுக்காரர்கள் சனி, ஞாயிறுக்கும் பள்ளிக்கூட லீவுக்கும் வருகிறவர்கள். நிரந்தரமாகக் குடிவந்தவர்கள் கடைசி வீட்டுக்காரர்கள் மட்டும்தான். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருந்தவர், அவருடைய மனைவி. மகனிடம் கடையைக் கொடுத்துவிட்டு இரண்டு பேரும் மலை ஏறிவிட்டார்கள். பள்ளத்தாக்கு முழுசாகத் தெரிகிற வீடு என்று அதைத் தேடி எடுத்தார். அதாவது புது மண் அதிகம் இருக்கிற வீடு.

அவரை எல்லோரும் அய்யா என்போம். குரல் லாரி ஹாரன். தக்காளிப் பெட்டிக்காக லோடு லாரிகளோடு கத்திக் கத்தி வந்த குரல், ஓய்வு பெற்ற பிறகும் இறங்கவில்லை. குழாய் சொட்டினாலும் கதவு முட்டினாலும் பழனி ஆபீசுக்குப் போன் வரும். போனை அரை அடி தள்ளி வைத்துத்தான் பேசுவேன். ஒரே ஒரு நேரத்தில் மட்டும் அவர் சத்தம் இருக்காது. மார்க்கெட் இருட்டோடு தொடங்கிவிடும் என்பதால் ஆயுசு முழுக்க வெள்ளனே எழுந்தவர். அதற்கு ஈடாக மத்தியானம் சாப்பிட்டதும் படுத்தால் நாலு மணிக்குத்தான் எழுவார். கல்யாண வீடானாலும் எழவு வீடானாலும் அந்தத் தூக்கம் தப்பாது என்று அம்மா சொல்வார். அவர் மனைவியை நான் அம்மா என்றுதான் கூப்பிடுவேன்.

முதல் மழைக்காலம் ஒன்றும் ஆகவில்லை. அதை நாங்கள் சர்டிபிகேட் போல எடுத்துக்கொண்டோம். அண்ணன் பக்கத்துச் சரிவில் இரண்டாம் கட்டத்துக்கு நோட்டீஸ் அடித்து, முன்பதிவும் தொடங்கிவிட்டார்.

மறு வருஷம் புரட்டாசி. மூன்று வாரமாக மலையில் மழையே இல்லை. நான் இரண்டாம் கட்டத்துக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். பூண்டுக்கார அக்கா கீழே இருந்து ஏறி வந்தார். சேலை மடியில் எதையோ வைத்திருந்தார். என் முன்னால் கொட்டினார். பிடுங்கிய பூண்டு, மண்ணோடு. ஒன்றை எடுத்து அழுத்தினேன்; கொழகொழவென்று விரலில் ஒட்டியது.

"மேல் பாத்தி பூராவும் இப்பிடித்தான் கெடக்கு" என்றார். "வானத்துல மேகமே இல்ல. என் காட்டுல தண்ணி எங்கிட்டிருந்து வருது? நீங்களே சொல்லுங்க."

சண்டை போடத்தான் வந்திருந்தார். போட நியாயமும் இருந்தது. மலைப்பூண்டை அறுத்துக் கட்டி, அடுப்புக்கு மேல் பரணில் தொங்கவிட்டுப் புகை காட்டி வைத்தால்தான் அது மாதக்கணக்கில் நிற்கும். அழுகின பூண்டைப் பரணில் ஏற்ற முடியாது. அவருடைய ஒரு போகம் அது. அவரோடு இறங்கிப்போய்ப் பார்த்தேன். கருங்கல் சுவரின் காலடி நீளத்துக்கும் மண் கறுத்திருந்தது. நாங்கள் பூசிய பூச்சு அங்கங்கே வயிறு ஊதிக் கிடந்தது. அங்கிருந்து கடைசி வீட்டுக்கு ஏறிப்போய், படுக்கை அறைச் சுவரை ஒட்டி ஒரு இரும்புக் கம்பியை மண்ணில் வைத்து அழுத்தினேன். சுத்தியலே வேண்டியிருக்கவில்லை. என் கை பலத்துக்கே இடுப்பளவு இறங்கியது.

தொட்டிகளைக் காலி செய்து உள்ளே பார்த்தோம். ஆறில் நாலில் மயிரிழை விரிசல். ஒரு வருஷமாகச் சொட்டுச் சொட்டாகக் கசிந்து, வீட்டுத் தரைக்கு அடியிலேயே இறங்கி, நாங்கள் கொட்டிய மண்ணில் போய் நின்றிருக்கிறது. வெளியேற வழியில்லாமல் ஓட்டையையும் நாங்களே அடைத்திருக்கிறோம். ஐப்பசி மழைக்கு இன்னும் சில நாள்தான். ஊறின மண் மேல் அந்த மழையும் இறங்கினால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு தேவையில்லை.

அன்று சாயங்காலமே பழனிக்கு இறங்கி அண்ணனிடம் சொன்னேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் வாய் வேறு சொன்னது.

"தொட்டியக் காலி பண்ணியாச்சுல்ல. சுவத்துல ஓட்டையப் போட்ருவோம். தண்ணி வடிஞ்சுரும். ஐப்பசி போகட்டும், பாத்துக்கலாம்."

"வடியிறதுக்குள்ள மழை வந்துரும்ணே. வீட்டக் காலி பண்ணச் சொல்லணும்."

"சொல்லி? வீடு விழப்போகுதுன்னு நாமளே தண்டோரா போடுறதா? அடுத்த கட்டத்துக்கு ஒருத்தன் வருவானா? இங்க கீழ வாங்குனவன்கூட வீட்டைத் தட்டிப் பாப்பான். கம்பெனியே போயிரும்."

"அய்யாவும் அம்மாவும் அந்த ரூம்புலதாண்ணே படுக்குறாங்க."

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். அண்ணனைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். அப்பாவின் லாட்ஜை விட்டு வேறு தொழில் தேடிப்போன முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் அவர். ஊரே அவர் எப்போது சறுக்குவார் என்று பார்த்துக்கொண்டிருந்தது. அவருக்குப் பயம். எனக்கும் பயம்தான். ஆனால் வரைந்தது என் கை. இரண்டாம் முறை சொல்லாமல் விட்டதும் என் வாய். அன்று அந்தக் கணக்கு என்னைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மலை ஏறினேன். அண்ணனிடம் சொல்லவில்லை. லீவுக்கு வருகிற ஐந்து வீட்டுக்காரர்களையும் பஸ்ஸில் இருந்தே போனில் பிடித்து, தை வரைக்கும் வர வேண்டாம் என்றேன். ஏன் என்பதையும் சொன்னேன். ஒருவர் திட்டினார், ஒருவர் வக்கீலைப் பார்ப்பேன் என்றார், மற்ற மூன்று பேரும் போனை வைத்துவிட்டார்கள். அதெல்லாம் சுலபமான பாதி. கடைசி வீட்டுக்கு நேரிலேயே போனேன். குடியிருக்கிறவர்களைக் கிளப்பும் பேச்சைப் போனில் பேசக்கூடாது. தவிர, அந்தக் குரலை நேரில் வாங்கிக்கொள்வதுதான் முறை என்று பட்டது.

அய்யா முற்றத்தில் குடத்துத் தண்ணீரில் முள்ளங்கி கழுவிக்கொண்டிருந்தார். அம்மா காபி கொண்டுவந்தார். காபியைத் தொடாமல் சொல்ல ஆரம்பித்தேன். தொட்டி, விரிசல், புது மண், கம்பி இறங்கியது, ஓட்டையை அடைத்தது, பூண்டுக்கார அக்கா முன்னாலேயே சொன்னது, நான் சிரித்தது. ஒன்றையும் விடவில்லை. அய்யா குறுக்கே பேசவில்லை. முப்பது வருஷம் கத்தின ஒரு மனுஷர் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருப்பதைப் போல் பயமான விஷயம் வேறு இல்லை.

"நீ இங்க வந்தது ஒங்கண்ணனுக்குத் தெரியுமா தாயி?"

"தெரியாதுங்கய்யா."

கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "எங்கடைக்குச் சரக்குக் கொண்டாற சம்சாரிக ரெண்டு வகை" என்றார். "ஒருத்தன் மேல நல்ல தக்காளிய அடுக்கி, அடியில அழுகலப் போட்டுக் கொண்டாருவான். இன்னொருத்தன் வந்ததும் அவனே ஒரு பெட்டியக் கவுத்துக் காட்டுவான். இம்புட்டு அழுகல் இருக்கு, பாத்து வெலையச் சொல்லுங்கன்னுவான். ஏலத்துல மொத ஆள நான் வையாத வசவு கெடையாது. ரெண்டாவது ஆள எப்பவும் வஞ்சதில்ல. ஒன்னையும் வைய மாட்டேன். ஆனா வருத்தம் இருக்கு. ஆசையா வாங்குன வீடு."

அம்மா, "என்னைக்குக் கெளம்பணும்?" என்று மட்டும் கேட்டார். "இன்னைக்கேம்மா" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் காபியை எடுத்து என் கையில் கொடுத்து, "ஆறிப்போச்சு, குடி" என்றார்.

எங்கே போவது என்பதுதான் கேள்வி. பழனி லாட்ஜில் அறை ஒழித்துத் தருகிறேன் என்றேன். வெயிலுக்குத் திரும்ப மாட்டேன் என்று அய்யா அடம்பிடித்தார். கீழே இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த பூண்டுக்கார அக்கா ஏறிவந்து, "எங்க வீடு சரிவுக்கு ஒதுங்கிப் பாறை மேல நிக்குது, முன்னறை சும்மாதான் கெடக்கு. பூண்டு வாசம் தாங்குனா வந்து இருங்க" என்றார். எங்களால் ஒரு போகம் போன மனுஷி அவர். அந்த நிமிஷத்தில் அவர் காலில் விழலாம் போல இருந்தது. விழுந்திருந்தால், "சோலியப் பாருங்க" என்று விரட்டியிருப்பார்.

சாமான் தூக்க ஆள் தேடிக்கொண்டிருக்கும்போது சாலையில் எங்கள் கம்பெனி வேன் வந்து நின்றது. அண்ணன் இறங்கினார். நான் இல்லை என்றதும் எங்கே போயிருப்பேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அய்யா முன்னால் போய்க் கைகட்டி நின்றார். "நான் வந்து சொல்லியிருக்கணும்யா. தங்கச்சி சொல்லிருச்சு" என்றார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சைட்டுக்கு வெள்ளை வேட்டியில்தான் வருகிற அண்ணன், அய்யா வீட்டு மரப்பீரோவின் ஒரு முனையைத் தோளில் வைத்து அந்தப் பூண்டுப் பாத்தி வரப்பில் இறங்கினார். என் அண்ணன் மேல் எனக்கு எத்தனையோ கோபம் உண்டு. அந்தக் காட்சியை நினைத்தால் எல்லாவற்றையும் தள்ளுபடி செய்துவிடத் தோன்றும்.

பெரிய கட்டில் மட்டும் அக்கா வீட்டு வாசலில் நுழையாது என்று தெரிந்தது. அதை அய்யா வீட்டுப் படுக்கை அறையிலேயே விட்டுவிட்டோம்.

அடுத்த நாட்களில் சுவரில் ஓட்டை போட்டோம். மேட்டில் ஒரு வாய்க்கால் வெட்டி மழைத் தண்ணீரை வேறு பக்கம் திருப்பினோம். அக்காதான் நடந்து காட்டி, இங்கே வெட்டு, இங்கே திருப்பு என்று சொன்னார். கொத்தனார் அந்தத் தடவை சிரிக்கவில்லை. அய்யா அக்கா வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எங்களைக் கத்தி வேலை வாங்கினார். துவைத்த சேலையிலும் பூண்டு வாசம் போக மாட்டேன் என்கிறது என்று அம்மா என்னிடம் ரகசியமாகச் சொல்லிச் சிரித்தார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடவில்லை. அவர்கள் வீடு மாறிய பதினோராவது நாள், மத்தியானம். அந்த மழையில் யாருக்கும் படுக்கத் தோன்றாமல் நாங்கள் எல்லோரும் அக்கா வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தோம். பெரிய சத்தம் ஒன்றும் கேட்கவில்லை; லாரியில் இருந்து மணல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம்தான். கருங்கல் சுவர் முதலில் போனது. அதன் பின்னால் கடைசி வீட்டின் கன்னி மூலை அறை, கூரையோடு, ஜன்னலோடு, மெதுவாகச் சரிந்து இறங்கியது. மண்ணுக்குள் கட்டிலின் ஒரு கால் மட்டும் கொஞ்ச நேரம் நீட்டிக்கொண்டிருந்தது; பிறகு அதுவும் மூடிப்போனது. அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

அய்யா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மூணு மணி" என்றார். அவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை. "நான் தூங்குற நேரம்."

அம்மா என் கையைப் பிடித்தார். மழை விடும்வரை விடவில்லை.

அதன்பிறகு எங்கள் கம்பெனி வளரவில்லை, சுருங்கியது. அதையும் சொல்ல வேண்டும். இரண்டாம் கட்டத்துக்கு முன்பதிவு செய்தவர்கள் அத்தனை பேரும் கழன்றுகொண்டார்கள். பழனியில் டீக்கடையில்கூட எங்களுக்கு 'இடிஞ்ச கம்பெனி' என்று பெயர். லாட்ஜின் வருமானத்தில் சாப்பிட்டோம். என் நகையும் அண்ணி நகையும் விற்று மலையில் மண்ணோடு மண்ணாகப் போயின. நின்ற ஐந்து வீடுகளின் அடியையும் தோண்டிப் பலப்படுத்தினோம். தொட்டிகளை எல்லாம் மேட்டில் இருந்து எடுத்து வீட்டுக்குக் கீழ்ப்பக்கம் வைத்தோம். வாஸ்துக்காரர் வந்து பார்த்து, குடும்பம் விருத்தியாகாது என்றார். ஈசானி, கன்னி எல்லாம் தெரிந்தவருக்கு மேடு பள்ளம் தெரியவில்லையே என்று கேட்டு அண்ணனே அவரை அனுப்பிவைத்தார். எனக்கு அன்று பாயசம் வைக்கலாம் போல இருந்தது. அய்யா வீட்டை வெட்டுத்தரையில், அதாவது மண் கொட்டாத, பாறை தெரிகிற இடத்தில் புதிதாகக் கட்டினோம். எங்கே கட்டலாம் என்று அக்காதான் குச்சி நட்டார்.

அதுமுதல் எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. மலையில் எந்த இடத்தை வாங்கினாலும் ஒரு மழைக்காலம் முழுக்கச் சும்மா போட்டுவிடுவோம். தண்ணீர் எங்கே வருகிறது, எங்கே நிற்கிறது என்று நான் குடை பிடித்துக்கொண்டு நடப்பேன். அந்த இடத்துக்குக் கீழே யார் காடு இருக்கிறதோ, அவர்களிடம் கேட்காமல் பேனாவை எடுக்க மாட்டேன். ஒரு வருஷம் வீண் என்று அண்ணன் முனகுவார். ஆனாலும் இரண்டாம் முறை நான் சொன்னால் இப்போது கேட்கிறார்.

மெல்ல மெல்லத் திரும்பினோம். முதலில் ஒரு வீடு, பிறகு மூன்று, பிறகு ஒரு தெரு. இன்று கன்னிவாடிப் பக்கம் அடிவாரத்தில் கட்டுகிற வீடுகளுக்குக்கூட எங்கள் நோட்டீஸைப் பார்த்து வந்தவர்கள் குறைவு. பெரும்பாலும் யாரோ சொல்லி வந்தவர்கள். அந்த யாரோ யார் என்று தேடிப்போனால் அது பாதிக்கு மேல் ஒரே வீட்டில் போய் நிற்கும்.

போன மாதம்கூடக் கோயம்புத்தூரில் இருந்து ஒரு தம்பதி வந்தார்கள். வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெறப் போகிறவர்கள். அண்ணனும் நானும் எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினோம். கடைசியில் அவர்களே, ஏற்கெனவே குடியிருக்கிறவர்கள் யாரிடமாவது பேச வேண்டும் என்றார்கள். அய்யா வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அண்ணன் வழக்கம்போல வேனில் ஏதோ எடுக்க வேண்டும் என்று வெளியிலேயே நின்றுகொண்டார். அய்யாவுக்கு இப்போது காது மந்தம், அதனால் குரல் இன்னும் ஏறியிருக்கிறது. அம்மா எல்லோருக்கும் காபி கொடுத்தார்.

"இவங்க கட்டுன வீடு எப்படிங்க? நம்பி வாங்கலாமா?" என்று அந்த மனிதர் கேட்டார்.

"இவுக கட்டுன வீடு ஒண்ணு விழுந்துருச்சு" என்றார் அய்யா, வெளியே வேன் பக்கம் நிற்கிற அண்ணனுக்கும் கேட்கும்படி.

அந்தத் தம்பதி என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

"யார் வீடுங்க?"

"என் வீடுதான். விழுறதுக்குப் பதினோரு நாளு முந்தி இந்தத் தாயி வந்து வாசல்ல நின்னு, அய்யா எந்திரிச்சுப் போயிருங்கன்னு அழுதுச்சு. அதனாலதான் இப்ப ஒங்களோட உக்காந்து பேசிக்கிட்டிருக்கேன்."